குளியலறை சுவிட்ச் வலது பக்கம்

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நாங்கள் சுகம். ‘நாங்கள்’ என்று எழுதியே பழகிவிட்டது. மகள் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு இந்த வீட்டில் நானும், இரைச்சல் போடும் குளிர்பதனப் பெட்டியும்தான். இரண்டு பேருமே சுகம். அங்கே நீங்களும் அறைத் தோழர்கள் மூவரும் அதுபோலவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை போனில், “ஒப்பந்தம் முடியுது. இந்தத் தடவை ஒரேயடியா வந்துடறேன்” என்றீர்கள். நான் “சரி” என்றேன். “சாப்பிட்டியா?” என்றீர்கள். “ஆச்சு” என்றேன். பதினோரு வருஷப் பிரிவு முடியப்போகிற சேதியை நாம் பேசி முடித்த லட்சணம் இது. உங்களைக் குறை சொல்லவில்லை. அறையில் மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நீங்கள்தான் என்ன பேசுவீர்கள்? எனக்கோ போனில் பேசுவதே பிழைப்பு. நாள் முழுக்கப் பேசிவிட்டு வீட்டில் போனை எடுத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம்.

எங்கள் கம்பெனி பராமரிக்கும் லிஃப்டுகளில் யாராவது மாட்டிக்கொண்டால் என் மேஜைக்குத்தான் அழைப்பு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களைப் பேச்சில் பிடித்து வைத்திருப்பது என் பொறுப்பு. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது, பயந்துபோனவருக்கு ஆறுதல் சொன்னால் இன்னும் பயப்படுவார். ஏதாவது வேலை கொடுத்தால் அடங்கிவிடுவார். “தரையில உட்காருங்க சார். ஷூவைக் கழட்டுங்க. பையில என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லுங்க” என்பேன். ஆகவே இந்தக் கடிதம் நெடுக வேலைகளாகத்தான் இருக்கும். நம் இருவரில் யார் பயந்திருப்பது என்று மட்டும் கேட்காதீர்கள்.

மூட்டை கட்டுவதில் ஆரம்பிக்கிறேன். போன விடுமுறையின்போது பெட்டி எடை கூடிவிட்டதென்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்களே, நினைவிருக்கிறதா? வாசலில் உங்களைப் பார்த்த மகள், “அப்பா நல்லா சதை போட்டுட்டாரு!” என்று குதித்தாள். அப்புறம் நீங்கள் ஒவ்வொரு சட்டையாகக் கழற்றக் கழற்ற அவள் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. அந்தக் கூத்து இந்தத் தடவை வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைக் கட்டி, உங்கள் தொழிற்சாலையில் மீன் நிறுக்கும் தராசில் வைத்துப் பாருங்கள். அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு வையுங்கள். மீன் வாசனையோடு தெருமுனையில் இறங்கினால் எனக்கு முன்னால் பூனைகள்தான் உங்களை வரவேற்கும்.

துணிகளை மடிக்காமல் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டுங்கள்; இடம் மிச்சமாகும், கசங்கவும் செய்யாது. காலுறைகளை ஷூவுக்குள் திணித்துவிடலாம். எண்ணெய், ஷாம்பு மாதிரி கசியக்கூடியவற்றைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுங்கள். மாத்திரைகளும், டாக்டர் சீட்டும், ஒரு மாற்று உடையும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வழிதவறிப் போனாலும் மானம் மிஞ்சும். பெட்டியின் கைப்பிடியில் பளிச்சென்று ஏதாவது துணியைக் கட்டுங்கள். உங்கள் அறைத் தோழர் ஸ்டோர்கீப்பர் ஒருமுறை யாருடைய கறுப்புப் பெட்டியையோ தூக்கிக்கொண்டு போய், மனைவி முன்னால் ஆசையாகத் திறந்தால் உள்ளே முழுக்கப் பம்பு உதிரிபாகங்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

யார் என்ன பொட்டலம் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். “சும்மா சின்னப் பார்சல்தான் அண்ணே” என்பார்கள். தூக்கிப் பார்த்தால் மிக்ஸியாக இருக்கும். ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாத முகம் உங்களுக்கு. விமானத்தில் அடிக்கடி எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஓசியில் தருகிறார்கள் என்று சின்னச் சின்னச் சர்க்கரைப் பொட்டலங்களைச் சேகரிக்காதீர்கள். போன முறை கொண்டுவந்ததற்கே எறும்புகள் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இனி வீடு. இதுதான் கஷ்டமான பகுதி.

வருஷத்துக்கு ஒரு மாதம் நீங்கள் வருவீர்கள். நான் நல்ல தட்டுகளை இறக்குவேன். நீங்கள் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, அதிலிருந்தே ஒவ்வொரு சட்டையாக எடுத்துப் போட்டுக்கொள்வீர்கள். ஒருநாள் குளிர்பதனப் பெட்டிக்கு முன்னால் நின்று, “தண்ணி எடுத்துக்கட்டுமா?” என்று என்னிடம் அனுமதி கேட்டீர்கள். ஒரு தொழிற்சாலையின் குளிர்பதன இயந்திரங்களையே பிரித்துப் போட்டு மாட்டுகிறவர்! எனக்குச் சிரிப்பு வந்தது. “எடுத்துக்கங்க” என்று நானும் பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தேன். அந்த ஒரு மாதம் நாம் இருவரும் அவ்வளவு நல்லவர்களாக இருப்போம். இனி வருஷம் முழுக்க அப்படி இருக்க எனக்குத் தெம்பு கிடையாது. அதனால் முன்கூட்டியே சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

காலையில் எழுந்ததும் ஜன்னல்களைத் திறப்பேன். வெயில் ஏறுவதற்குள் சாத்தித் திரையை இழுத்துவிடுவேன். சாயங்காலம்வரை வீடு குளுகுளுவென்றிருக்கும். குளிர் அறையிலேயே வேலை பார்த்தவருக்கு எல்லாம் திறந்துகிடக்க வேண்டும் போலிருக்கும். அதற்குப் பால்கனி இருக்கிறது. குளியலறைக் கதவின் பின்னால் துண்டுக்குக் கொக்கிகள். முதலாவது எனக்கு, இரண்டாவது உங்களுக்கு, மூன்றாவது மகள் வரும்போது. ஈரத்துண்டு நாற்காலியின் முதுகில் ஏறக் கூடாது. டம்ளர்கள் சமையலறை அலமாரியின் நடுத்தட்டில். சர்க்கரை டப்பாவுக்குள் ஈரக் கரண்டி போகக் கூடாது. சமையலறையை ‘ஒழுங்குபடுத்தித் தருகிறேன்’ என்று தயவுசெய்து இறங்காதீர்கள். அது ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருக்கிறது, பார்ப்பவருக்குத்தான் தெரியாது.

இரவில் எழுந்தால் படுக்கையறை விளக்கைப் போடாதீர்கள். வெளிச்சம் பட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். கட்டிலின் கால்மாட்டிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டே நடந்தால், பீரோ முடிகிற இடத்தில் கதவு. வெளியே வந்தால் எதிரே குளியலறை; அதன் சுவிட்ச் கதவுக்கு வெளியே இடது பக்கம்.

உங்கள் துணிகளுக்கென்று தச்சரிடம் புதிதாக ஒரு அலமாரி சொல்லியிருக்கிறேன். இனியும் பெட்டிக்குள்ளிருந்து வாழ முடியாதல்லவா?

கடைசியாக ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். இத்தனை வருஷத்தில் நான் கட்டிலில் குறுக்காகப் படுக்கப் பழகிவிட்டேன். தலை ஒரு மூலையில், கால் எதிர் மூலையில். நீங்கள் விடுமுறையில் வரும்போது ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் படுத்துச் சமாளித்தேன். இப்போது தினமும் சுவரோரமாக நேராகப் படுத்துப் பழகிப் பார்க்கிறேன். விடிந்து கண் விழித்தால் பழையபடி குறுக்கே கிடக்கிறேன். கல்யாணமான புதிதில் இந்தக் கவலையெல்லாம் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. அப்போது இருவருக்கும் எந்தப் பழக்கமும் இல்லை போலிருக்கிறது. இப்போது ஆளுக்கொரு மூட்டைப் பழக்கத்தோடு ஒரே வீட்டில் எப்படி இருக்கப்போகிறோம் என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்,
மகளின் அம்மா


செவ்வாய்க்கிழமை, அலுவலக மேஜையிலிருந்து

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று வாரம் கழித்து ஒருவழியாக உங்கள் கடிதம் வந்தது. நான் எழுதியது பக்கம் பக்கமாக. உங்களிடமிருந்து வந்தது அரைப் பக்கம். அதிலும் பாதி உங்கள் கையெழுத்தின் பருமனுக்கே போய்விட்டது. மிச்சத்தில் நான் புரிந்துகொண்டது இதுதான். கம்பெனியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். “நீ என்ன சொல்றே?”

நான் சொல்ல என்ன இருக்கிறது. உங்கள் வேலை, உங்கள் இஷ்டம். ‘கட்டாயமாக வந்தே தீர வேண்டும்’ என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். இருக்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக இருங்கள்.

இருப்பதானால், மழைக்காலம் வருகிறதே, மெத்தையை ஒருநாள் நல்ல வெயிலில் காயப்போட்டு இரண்டு பக்கமும் தட்டுங்கள். தலையணை உறைகளை வெந்நீரில் துவையுங்கள். நாலு ஆண்கள் இருக்கும் அறையில் ஜன்னல் திறக்காமல் இருந்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்தால் போய்விடும். செருப்புகளை வாசலுக்கு வெளியே விடச் சொல்லுங்கள். ஒரு வருஷம் என்பது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். பதினொன்றே ஓடிவிட்டதே.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். தச்சர் அலமாரியைத் தன் பட்டறையிலேயே முழுசாகச் செய்து, நாலு ஆளை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மாடிப்படித் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. எனக்கு என் தொழில் புத்தி வந்துவிட்டது. “யாரும் பதறாதீங்க, எல்லாரும் அப்படியே உட்காருங்க” என்று சொல்லிவிட்டேன். அலமாரியைத் தோளில் வைத்திருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் படியிலேயே வைத்துப் பிரித்தார்கள். சட்டத்தை மட்டும் படுக்கையறையில் நிறுத்தியிருக்கிறது. தட்டும் கதவும் இன்னும் மாட்டவில்லை. “ஐயா எப்பம்மா வர்றாரு?” என்று கேட்டார். வருவது கொஞ்சம் தள்ளிப்போகலாம் என்றேன். “அப்ப மிச்சத்தை அவரு வந்தப்புறம் மாட்டிக்கலாமா?” என்றார். சரி என்றுவிட்டேன். இப்போது படுக்கையறையில் காற்று தாராளமாகப் போய்வரும் ஒரு அலமாரி நிற்கிறது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடமாடுகிறேன்.

மகள் போன் செய்தாள். உங்களுக்கு நான் என்னவெல்லாம் எழுதினேன் என்று துருவித் துருவிக் கேட்டாள். சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அம்மா, நீ அப்பாவுக்கு லெட்டர் போட்டியா, இல்ல லிஃப்டுல ஒட்டற நோட்டீஸ் போட்டியா?” என்றாள். “உங்கப்பாவுக்கு வசதியா இருக்கட்டும்னுதாண்டி எழுதினேன்” என்றேன். “அவருக்கா, உனக்கா?” என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் ரொம்ப நீளம். அதற்கப்புறமும் அவள் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை என்பது வேறு விஷயம். அப்படியே இருந்தாலும், ஒரு ஈரத்துண்டைக் கொக்கியில் போடச் சொன்னதற்காகவா ஒருவர் இன்னொரு வருஷம் வெளியூரில் தங்கிவிடுவார்? உங்களுக்கு அங்கே பிடித்திருக்கிறது. நண்பர்கள் இருக்கிறார்கள். அங்கே உங்களைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம், ‘ஐஸ் அண்ணன்’ என்கிறார்களாம். இங்கே உங்களுக்குப் பட்டப்பெயர் வைக்கக்கூட ஆளில்லை.

மணி அடிக்கிறது. யாரோ எங்கேயோ மாட்டிக்கொண்டார்கள். நான் போக வேண்டும்.

உங்கள் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
நான்


வியாழக்கிழமை, காலை

என் அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் அறைத் தோழர் வெல்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தன் தங்கை வீட்டு விஷயமாகச் சில நாள் ஊருக்கு வந்தவர் இன்று திரும்புகிறார். அவர் நாளை அறைக்கு வந்து சேர்ந்தால், மாதக் கடைசிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். நம் லட்சணம்தான் தெரியுமே. உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் நாலு பேருமாகச் சேர்ந்துதான் படிப்பீர்கள் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே முதல் பாதியை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நேற்று அலுவலகம் விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், பின்னாலேயே ஒருவர் நிற்கிறார். கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய பை. “அண்ணி, நான் வெல்டர். ஐஸ் அண்ணனோட ரூம்” என்றார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே ஓரமாக வைத்தார். குடிக்கத் தண்ணீர் தரட்டுமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், “நீங்க உட்காருங்க அண்ணி, அலைஞ்சிட்டு வந்திருக்கீங்க” என்று நேராகச் சமையலறைக்குள் போய், நடுத்தட்டிலிருந்து டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இந்த வீட்டில் இத்தனை உரிமையோடு ஒரு ஆண்பிள்ளை நடமாடி நான் பார்த்ததில்லை.

அடுத்தது முகம் கழுவக் கிளம்பினார். கூடத்தைக் கடந்து குளியலறைப் பக்கம் போனவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவுவதைப் பார்த்ததும், இவருக்குப் பார்வையில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். இடது பக்கச் சுவரை மேலும் கீழுமாகத் தடவினார். ஒன்றும் அகப்படவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். சுவிட்ச் வலது பக்கம் இருந்தது. அப்போது அவர் போட்டாரே ஒரு சத்தம், கீழ்வீட்டு நாய் குரைத்தது. “அண்ணி! கேள்வித்தாளே தப்பு! அவரு இதுலதான் ஒவ்வொரு தடவையும் மார்க் வாங்கினாரு, இது செல்லாது!”

என்ன கேள்வித்தாள், என்ன மார்க் என்று கேட்டேன். உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை டப்பாவுக்குள் போட எடுத்த கரண்டியைத் தன் சட்டையில் துடைத்துக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் உள்ளே விட்டார்.

முதல் கடிதம் வந்த அன்றே நீங்கள் அதைச் சத்தமாகப் படித்தீர்களாம். மறுநாள் ஸ்டோர்கீப்பர் சுண்ணாம்புக் கட்டியால் அறைத் தரையில் நம் வீட்டை வரைந்துவிட்டாராம். கட்டில் இங்கே, பீரோ அங்கே, கதவு இங்கே என்று. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் உங்களுக்குப் பயிற்சியாம். கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, கட்டிலின் கால்மாட்டிலிருந்து குளியலறை வரைக்கும் நடக்க வேண்டுமாம். ஸ்டோர்கீப்பர் வழியில் இடித்துக்கொண்ட இடத்தையெல்லாம் குறித்து வைப்பாராம். அறைத் தோழரான சமையல்காரர்தான் நானாம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, “யோவ், ஈரத்துண்டை எங்கய்யா போட்டே?” என்று கத்துவாராம். நீங்கள் கண்கட்டை அவிழ்த்துவிட்டு, “அவ அப்படிக் கத்தமாட்டா. சும்மா பார்ப்பா. ஒண்ணும் சொல்லாம எடுத்து மாட்டிடுவா. அதான்யா பயமே” என்றீர்களாம். இதைச் சொல்லிவிட்டு வெல்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் டீ வடிகட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

சமையல்காரருக்கு ஒரு வார்த்தை: என்னை மாதிரி நடிப்பதானால் இடுப்பில் கை வைக்காதீர்கள். எனக்குக் கோபம் வந்தால் கையை என்ன செய்வதென்றே தெரியாது. துணி மடிக்க ஆரம்பித்துவிடுவேன். ஸ்டோர்கீப்பருக்கு: பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இப்போது பாதி அலமாரி ஒன்று நிற்கிறது, படத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். வேண்டாம், அழித்தேவிடுங்கள். வெல்டருக்கு: நீங்கள் சொன்னது சரி. நானே போய்ப் பார்த்தேன். வலது பக்கம்தான்.

ஆசிரியர் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததற்கு மாணவரை ஃபெயிலாக்கக் கூடாது. எனக்கே வேடிக்கையாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்த சுவிட்சை நாளுக்கு எத்தனை தடவை போடுகிறேன். எந்தப் பக்கம் என்று எழுத உட்கார்ந்தபோது மனசில் இடது பக்கம்தான் தோன்றியது. கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்படியென்றால் அந்தக் கடிதத்தில் இன்னும் என்னென்ன தப்பு இருக்கிறதோ. மொத்தத்தையும் கிழித்துப் போடுங்கள். மூட்டை கட்டுகிற பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீன் தராசு விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை.

இந்த இடத்தோடு நீங்கள் மூவரும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் அண்ணி கேட்டுக்கொள்கிறேன். வெல்டர் தம்பி, நீங்கள் கதவுக்குப் பின்னாலும் நிற்கக் கூடாது.

போய்விட்டார்களா?

வெல்டர் கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கம்பெனி ஒண்ணும் அவரை இருக்கச் சொல்லல. அவராப் போய்க் கேட்டாரு. மேனேஜரே, ‘ஏன்யா, வீட்டுக்குப் போகலயா?’ன்னாரு.” ஏன் கேட்டார் என்றேன்.  “நாங்களும் கேட்டோம். ‘அவ எல்லாத்தையும் அழகா அமைச்சு வெச்சிருக்கா. நடுவுல நான் போய் எங்க நிக்கறது? இன்னும் ஒரு வருஷம் பழகிட்டுப் போறேன்’னாரு” என்றார். அப்புறம் அவசரமாக, “ஆனா நல்லாத் தேறிட்டாரு அண்ணி, இப்பல்லாம் பீரோவுல இடிக்கறதே இல்ல” என்று உங்களுக்காகச் சிபாரிசு வேறு செய்துவிட்டுப் போனார்.

நான் கதவைச் சாத்திவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். முதலில் சிரிப்பு வந்தது. தலையில் துண்டு போட்ட சமையல்காரரை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அது சிரிப்பாக இல்லை.

நான் எழுதியதைத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். துண்டுக்கு இடம் சொல்லியிருக்கிறேன், டம்ளருக்கு இடம் சொல்லியிருக்கிறேன், காற்று வேண்டுமென்றால் பால்கனிக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் உட்கார ஓர் இடம் சொன்னேனா? வந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதினேனா? பயந்தவருக்கு வேலை கொடுத்தால் அடங்குவார் என்பது என் தொழில் ரகசியம். பயந்திருந்தது நான். வேலையை மட்டும் உங்களுக்குக் கொடுத்துவிட்டேன். நீங்களும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள்.

‘உங்கள் இஷ்டம்’ என்று போன கடிதத்தில் எழுதினேன். அது பொய். எழுதும்போதே பொய். மெத்தையைத் தட்டச் சொன்னபோது எனக்கிருந்த கோபத்துக்கு உங்கள் மெத்தையை நானே வந்து தட்டியிருப்பேன்.

உங்களுக்கு அங்கே மூன்று பேர் பயிற்சி கொடுக்கிறார்கள். எனக்கு யார் கொடுப்பது? இன்னொருவர் இருமுகிற சத்தத்தில் தூங்கவும், பேசிக்கொண்டே சாப்பிடவும், கோபம் வந்தால் துணி மடிக்காமல் வாய்விட்டுச் சொல்லவும் நானும்தான் பழக வேண்டும். அதைத் தனியாகப் பழக முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டேன். குளிர்பதனப் பெட்டி எவ்வளவு சத்தம் போட்டாலும் பதில் சொல்வதில்லை. சண்டை வரும். முதல் மாதம் தினமும் வரும். சர்க்கரையில் ஈரக் கரண்டி போகும், நான் சும்மா பார்ப்பேன், நீங்கள் பயப்படுவீர்கள். பரவாயில்லை. நேரில் பயப்படுங்கள்.

மேனேஜரிடம் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். காரணம் கேட்பார். உடம்பு சரியில்லை, மகள் படிப்பு என்றெல்லாம் எதையும் கோர்க்காதீர்கள். என் மனைவி என்னை வரச் சொல்கிறாள் என்று சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

ஒவ்வொரு விடுமுறை முடியும்போதும் வாசலில் நின்று “போயிட்டு வாங்க” என்று சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சொல்வது, நானும் சொல்வேன். நீங்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவீர்கள். அதற்குமேல் ஒரு தடவைகூட நானாக உங்களைக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறேன்.

வாங்க.

உங்களுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி